தெருவுல கோர்ஸ் போட்டா பசங்க சண்டை நிக்குமா?

கேள்வி: நான் மதுரையில வைகை வடகரைப் பக்கம் கிரில் பட்டறை வச்சிருக்கேன், எங்க தெரு கோயில் கமிட்டியிலயும் இருக்கேன். போன ஆடியில முளைப்பாரி ஊர்வலம் போகும்போது எங்க தெருப் பசங்களுக்கும் அடுத்த தெருப் பசங்களுக்கும் தகராறாகி, ஒரு பையனுக்கு கையில வெட்டு விழுந்துருச்சு. எங்க அக்கா மகனும் அந்தக் கேஸ்ல இருக்கான், 17 வயசு, ப்ளஸ் ஒன் பாதியில நின்னவன். இனிமே இப்படி ஆகக் கூடாதுன்னு வசூல் பண்ணி மண்டபத்துல மூணு கம்ப்யூட்டர் போட்டு இலவசமா டேலி கோர்ஸ் ஆரம்பிச்சோம். 22 பேர் பேர் குடுத்தாங்க, இப்ப 4 பேர்தான் வர்றாங்க, அந்த 4 பேரும் சண்டைக்கே போகாத பசங்க. தொழில் கத்துக் குடுத்தா அடிதடி குறையும்னு நாங்க நெனச்சது தப்பா? இன்ஸ்பெக்டரைக் கூட்டிட்டு வந்து மிரட்டச் சொல்லலாம்னு கமிட்டியில பேசுறாங்க. அக்கா மகனைத் திருப்பூருக்கு அனுப்பிரலாமா? வசூல்ல 35 ஆயிரம் மிச்சம் இருக்கு, இன்னும் ரெண்டு கம்ப்யூட்டர் வாங்கலாமா?

பதில்:

அண்ணே, வணக்கம். நீங்க நெனச்சது தப்பில்ல. ஆனா கோர்ஸ்னு ஒண்ணு போட்டதும் அதுவே பசங்கள மாத்திரும்னு எதிர்பார்த்தீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது.

வராம போன 18 பேரைப் பத்தி "இவனுகளுக்கு எம்புட்டு செஞ்சாலும் திருந்த மாட்டானுக"ன்னு கமிட்டியில யாராச்சும் பேசியிருப்பாங்க. நான் தொழிற்பயிற்சி குடுக்குற வேலையில ஆரம்பிச்சு இப்ப கேஸ்ல மாட்டுன பசங்களுக்கு கவுன்சிலிங், வேலை ஏற்பாடுன்னு ரொம்ப வருசமா இதுக்குள்ளயே இருக்கேன், எங்கிட்டு இலவச கோர்ஸ் போட்டாலும் முதல் மாசம் கூட்டம் இருக்கும், போகப்போக சேர்தான் மிச்சம் இருக்கும். ஸ்கூல்ல பெஞ்சுல உக்காந்து எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கி, போதும்டா சாமின்னு வெளிய வந்த பையனை மறுபடி ஒரு ரூமுக்குள்ள உக்கார வச்சு, கணக்குப் பதிவியலே தெரியாதவனுக்கு டேலி சொல்லிக் குடுத்தா அவன் எத்தனை நாள் உக்காருவான் சொல்லுங்க, அதுவும் முடிச்சா எந்தக் கடையில எவ்வளவு சம்பளத்துக்கு வேலைன்னு யாரும் அவனுக்குச் சொல்லல.

இன்னொண்ணு, "வேலைவெட்டி இல்லாம சுத்துறாங்க, அதான் சண்டை"ன்னு எல்லாரும் சொல்றோம்ல, அது முக்காவாசி சரியில்ல. நீங்க ஒரு நோட்டு எடுத்து உங்க தெருவுல அந்த வயசுப் பசங்க ஒவ்வொருத்தன் பேரையும் எழுதி, போன வாரம் எங்க போனான்னு கேட்டுப் பாருங்க. ஒருத்தன் விடியக்காலைல மாட்டுத்தாவணி மார்க்கெட்டுல மூட்டை இறக்கப் போயிருப்பான், ஒருத்தன் முகூர்த்த நாள்ல கேட்டரிங் பரிமாறப் போவான், ஒருத்தன் சென்ட்ரிங், ஒருத்தன் பந்தல் வேலை. காசு அன்னன்னைக்கு கைக்கு வந்துருது. ஆனா அந்த வேலை குடுக்குற ஆளுக்கு இவன் பேரு கூடத் தெரியாது, நாளைக்கு இவன் வரலைன்னா இன்னொருத்தன். இவன் பேரு தெரிஞ்ச ஒரே இடம் சாயங்காலம் நிக்கிற தெருமுக்கு. அங்க இவன் ஒரு ஆளு, இவன் போன்ல ஸ்டேட்டஸ் போட்டா பாக்குறதுக்கு நாலு பேர் இருக்காங்க, இவனை எவனாச்சும் மொறைச்சா கேக்குறதுக்கு நாலு பேர் இருக்காங்க. அந்த முக்குக்குப் போட்டியா நிக்கிற மாதிரி வேலையில ஒரு இடம், ஒரு மேஸ்திரி கிடைச்சாத்தான் பையன் அந்தப் பக்கம் சாயுவான், சர்டிபிகேட் அதுக்கு அப்புறம்தான்.

இதை ஆராய்ச்சி பண்ணியே பாத்திருக்காங்க. அமெரிக்காவுல சிகாகோ ஊர்ல துப்பாக்கிச் சண்டை அதிகமா இருக்குற ஏரியா ஸ்கூல்கள்ல இருந்து 1634 பசங்க புள்ளைகளை எடுத்து, குலுக்கல் மாதிரி பிரிச்சு, ஒரு பகுதிக்கு 2012 கோடை லீவுல 8 வாரம் மட்டும் வேலை குடுத்தாங்க. பெரிய வேலை ஒண்ணும் இல்ல, சின்னப் புள்ளைக கேம்ப்ல உதவி, தோட்ட வேலை, ஆபீஸ் வேலை, குறைஞ்சபட்சக் கூலி. 16 மாசம் கழிச்சுப் பாத்தா, வேலை கிடைச்ச குரூப்ல வன்முறைக் கேஸ்ல கைதானது 43 சதவீதம் குறைவு. 2014-ல வந்த ஆராய்ச்சி இது. இதுல எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டது என்னன்னா, அந்தக் குறைவுல பெரும்பகுதி வேலை நடந்த 8 வாரத்துல வரல, வேலை முடிஞ்சு போன அப்புறம் வந்துச்சு. அப்ப பசங்க பிஸியா இருந்ததால சண்டை குறைஞ்சதுன்னு சொல்ல முடியாது, கையில காசு இருந்ததாலன்னும் சொல்ல முடியாது. அங்க ஒவ்வொரு பத்துப் பசங்களுக்கு ஒரு பெரியவர்னு போட்டிருந்தாங்க, லேட்டா வந்தா ஏன்னு கேக்க, முதலாளி கத்துனா எப்படி நின்னு பதில் சொல்றதுன்னு சொல்லிக் குடுக்க, பஸ் கிடைக்கலைன்னா வழி சொல்ல. அதுதான் மனசுல தங்கியிருக்கும்னு நான் நம்புறேன்.

ஆப்பிரிக்காவுல லைபீரியா நாட்டுத் தலைநகர் மன்ரோவியாவுல திருட்டு, அடிதடின்னு இருந்த 999 பேர்கிட்ட இதே மாதிரி பாத்தாங்க. கோபத்தைக் கையாளுற பயிற்சி மட்டும் குடுத்தவங்களுக்கு பலன் ஒரு வருசத்துல கரைஞ்சுருச்சு, பணம் மட்டும் குடுத்தவங்களுக்கும் நிக்கல, ரெண்டையும் சேத்து வாங்குனவங்ககிட்டதான் அது வருசக்கணக்கா நின்னுச்சு. அதனால தொழிலையும் மனசையும் தனித்தனியாப் பாக்காதீங்கண்ணே.

மனசுன்னதும் பெரிய டாக்டர் வேணும்னு நெனைக்காதீங்க. சிகாகோவுலயே பசங்களுக்கு நடத்துற குரூப்ல ஒரு விளையாட்டு வச்சிருக்காங்க, அதை நான் நம்ம ஊர்ப் பசங்ககிட்டயும் செய்யிறேன். ரெண்டு ரெண்டு பேரா நிறுத்தி, ஒருத்தன் கையில ஒரு ரப்பர் பந்தைக் குடுத்து இறுக்கி மூடிக்கச் சொல்லுவோம், இன்னொருத்தன்கிட்ட "முப்பது செகண்ட்ல அந்தப் பந்தை வாங்கணும்"னு மட்டும் சொல்லுவோம். ஆரம்பிச்சதும் பாக்கணுமே, விரலைப் பிரிக்கிறான், மணிக்கட்டை முறுக்குறான், சட்டை கிழியுது, ஒருத்தன் மல்லாக்க விழுறான். நேரம் முடிஞ்சதும் ஒரே கேள்விதான் கேப்பேன், "யாராச்சும் பந்தைக் குடுறான்னு கேட்டீங்களாடா?" ஒரு நிமிசம் சத்தமே இருக்காது. அப்புறம் ஒருத்தன் சொல்லுவான், "கேட்டா குடுக்க மாட்டான்ணே, என்னைக் கேணைன்னு நெனைப்பான்." உடனே பந்து வச்சிருந்தவன்கிட்ட திரும்பி, அவன் கேட்டிருந்தா என்னடா பண்ணியிருப்பன்னு கேட்டா, பெரும்பாலும் "குடுத்திருப்பேன், வெறும் பந்துதான"ன்னு சொல்லுவான். இங்க இருந்துதான் பேச்சு ஆரம்பிக்கும், அன்னைக்கு முக்குல அவன் மொறைச்சான்னு போனியே, அவன் நெசமாவே மொறைச்சானா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குனானா, நீ கேட்டியான்னு. உங்க பட்டறையிலயே நீங்க இதைச் செய்யலாம், அதுக்கு தினம் பாக்குற, பசங்க மதிக்கிற ஒரு ஆளு போதும்.

இன்ஸ்பெக்டர் விசயத்துக்கு வர்றேன். வேண்டாம்ணே. அமெரிக்காவுல 1970-கள்லயே தப்பு பண்ற பசங்களை ஜெயிலுக்குள்ள கூட்டிட்டுப் போய் ஆயுள் கைதிகளை வச்சு மிரட்டுற திட்டம் வந்துச்சு, பாக்குறவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போய் பல ஊர்ல செஞ்சாங்க. அப்புறம் ஆராய்ச்சிகளையெல்லாம் சேத்து வச்சுப் பாத்தா, மிரட்டப்பட்ட பசங்க மிரட்டப்படாத பசங்களை விட அதிகமா தப்பு பண்ணியிருக்காங்க. நம்ம தெருவுலயும் அதான் நடக்கும். "உம்மேல ரவுடி கேஸ் போட்டுருவேன்"னு ஒரு பையனை நாலு பேர் முன்னாடி ஸ்டேஷன்ல இருந்து வந்து சொன்னா, மறுநாள் அவனுக்கு முக்குல மரியாதை கூடிரும். போலீஸ் வேண்டாம்னு நான் சொல்லல, ஊர்வலம் போற வழி, நேரம், ஸ்பீக்கர் எங்க நிக்கணும்ங்கிறதுக்கு அவங்களை முன்கூட்டியே கூப்பிட்டு உக்காந்து பேசுங்க. போலீஸே நடத்துற சிறார் மன்றங்கள் இருக்கு, விளையாட்டு, டியூஷன்னு நடக்கும், உங்க ஸ்டேஷன் எல்லையில இருக்கான்னு கேளுங்க, சின்னப் பசங்களுக்கு அது நல்லது.

வெட்டுப்பட்ட பையனைப் பத்தி உங்க லெட்டர்ல ஒரு வரிக்கு மேல இல்ல. அண்ணே, அடுத்த சம்பவம் அங்கிட்டு இருந்துதான் கிளம்பும். கை சரியாச்சா, வேலைக்குப் போறானா, அவன் சேக்காளிங்க என்ன பேசிக்கிறாங்க, இது எதுவும் உங்க கமிட்டிக்குத் தெரியலைன்னா நீங்க ஒரு பக்கத்தை மட்டும்தான் பாக்குறீங்க. கமிட்டி சார்பா பெரியவங்க ரெண்டு பேர், அக்கா மகன் குடும்பத்து ஆள் இல்லாம, போய்ப் பாத்துட்டு வாங்க. வைத்தியத்துக்கு என்ன வேணும்னு மட்டும் கேளுங்க, கேஸை வாபஸ் வாங்குறதைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது, அது சாட்சியைக் கலைக்கிறதாவும் ஆயிரும், அவங்க மனசையும் அறுத்துரும். பாதிக்கப்பட்டவங்களுக்கு அரசு நிவாரண நிதித் திட்டம் இருக்கு, மாவட்டக் கோர்ட் வளாகத்துல இருக்குற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல மனு குடுக்கலாம்னு அவங்ககிட்ட சொல்லுங்க, அது உங்க வாயில இருந்து வந்தா அதுக்கு ஒரு மதிப்பு இருக்கு.

இப்ப திருவிழா. பசங்க சண்டை போட்டது எங்க ஆரம்பிச்சதுன்னு நீங்க எழுதல, ஆனா மதுரைச் சுத்துவட்டாரத்துல எனக்குத் தெரிஞ்ச தகராறுல நெறைய ஒரே மாதிரிதான், இவங்க தெரு முன்னாடி நிறுத்தி அவங்க சாதிப் பாட்டைப் போடுறது, பிளெக்ஸைக் கிழிக்கிறது, கையில கட்டுன கயிறு கலரு. சும்மா தெருச் சண்டைன்னு நம்மளே பேரு மாத்திச் சொல்லிக்கிறோம். 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில ஒரு ஸ்கூல் பையனையும் அவன் தங்கச்சியையும் கூடப் படிச்ச பசங்களே வீடு புகுந்து வெட்டுனாங்களே, அதுக்கப்புறம் அரசு போட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன்ல அறிக்கை குடுத்துச்சு, அதுல ஸ்கூல்ல கலர்க் கயிறு, சாதி அடையாளம் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. ஸ்கூலுக்கு அப்படின்னா கோயில் கமிட்டிக்கு ஏன் ஆகாது? மைக் செட்காரர்கிட்ட என்ன பாட்டு ஓடணும்னு எழுதிக் குடுக்குறது, பிளெக்ஸ்ல அரிவாள் படம், சாதித் தலைவர் படம் கூடாதுன்னு சொல்றது பெரியவங்க கையில இருக்கு. பெரியவங்க அதைச் செய்யாம பசங்களுக்கு மட்டும் கவுன்சிலிங் குடுக்குறது நியாயமே இல்ல.

அதோட, பசங்களுக்கு திருவிழாவுல உண்மையான பொறுப்பு குடுங்க. டீ-சர்ட் மாட்டி வாலண்டியர்னு கம்பைக் கையில குடுத்து நிக்க வச்சா அதுவே அடுத்த தகராறு. அன்னதானப் பந்தி, தண்ணி, லைட்டு, முளைப்பாரி எடுத்துட்டுப் போற பொம்பளைப் புள்ளைகளுக்கு வழி விலக்குறது, ஆம்புலன்ஸுக்குப் பாதை, இதுல ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு தெருவுல இருந்தும் ஆள் சேத்து ஒரு டீமாப் போடுங்க. கமிட்டியில 25 வயசுக்குக் கீழ ரெண்டு பேரை உக்கார வைங்க, வசூல் நோட்டை அவங்க எழுதட்டும், கடைசில மைக்ல வரவு செலவை அவங்களே வாசிக்கட்டும். தெரு முன்னாடி நின்னு கணக்குச் சொன்ன பையனுக்குத் தன் பேரைக் காப்பாத்திக்கணும்னு ஒரு இது வந்துரும்.

அக்கா மகன். திருப்பூருக்கு இப்ப அனுப்பாதீங்க. கொஞ்ச நாள் கண்ணுல படாம இருந்தா சூடு ஆறும்ங்கிறது நெசம்தான், ஆனா அங்க ரூம்ல தனியாக் கிடப்பான், கேட்க ஆள் இருக்காது, வாய்தாவுக்கு வராம விட்டா கேஸு இன்னும் சிக்கலாகும், அடுத்த ஆடிக்குத் திரும்பி வரும்போது "கேஸ் வாங்கிட்டு தலைமறைவா இருந்தவன்"னு ஒரு கெத்தோட வருவான். அவனுக்கு 18 ஆகல. 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி சம்பவம் நடந்த அன்னைக்கு என்ன வயசுங்கிறதுதான் கணக்கு, விசாரணை இளைஞர் நீதிக் குழுமத்துலதான் நடக்கணும், லாக்கப்லயோ ஜெயில்லயோ வைக்கக் கூடாது. ஸ்கூல் சர்டிபிகேட், பிறப்புச் சான்று ரெண்டையும் இன்னைக்கே எடுத்து வைங்க. என்ன செக்ஷன் போட்டிருக்காங்கன்னு பாருங்க, குறைஞ்சது 7 வருசம்னு தண்டனை இருக்குற கொடுங்குற்றத்துல மட்டும்தான் 16-லிருந்து 18 வயசுப் பையனைப் பெரியவங்க மாதிரி விசாரிக்கலாமான்னு கேள்வியே வரும், கொலை முயற்சின்னு போட்டிருந்தாக் கூட அதுல குறைஞ்சபட்ச தண்டனை இல்லாததால 2020-ல சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்புப்படி அது அந்த வகையில வராது. குழுமம் கவுன்சிலிங், சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்புன்னு உத்தரவு போட முடியும். வக்கீலுக்குப் பணம் இல்லைன்னா 15100-க்குப் போன் அடிங்க, இலவச சட்ட உதவி கிடைக்கும். அவன் போட்டோவை, பேரை எந்த வாட்ஸப் குரூப்லயும் போட விடாதீங்க, அதுவே குற்றம்.

வீட்ல அக்கா "இவன் வாழ்க்கை போச்சு, இனி எந்த வேலையும் கிடைக்காது"ன்னு அழுதுக்கிட்டு இருப்பாங்க. இந்தச் சட்டப்படி முடிஞ்ச கேஸு பின்னாடி படிப்புக்கோ வேலைக்கோ தடையா நிக்கக் கூடாதுன்னு 24-வது பிரிவு சொல்லுது, அதை அக்காவுக்குப் பொறுமையா எடுத்துச் சொல்லுங்க. பையன் காதுலயும் விழணும், ஏன்னா "இனி என்ன இருக்கு"ன்னு முடிவு பண்ணுன பையன்தான் ரெண்டாவது தடவை அரிவாளைத் தூக்குறான்.

பத்தாவது பாஸாயிருந்தா கோ.புதூர் அரசு ஐடிஐ-ல பிட்டர், எலெக்ட்ரீசியன் ரெண்டு வருசம், எட்டாவது போதும்னா வெல்டர் ஒரு வருசம். படிப்புக்குப் பணம் கிடையாது, மாசம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், யூனிபார்ம், புக்கு எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில படிச்சவன்னா 2024 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். முடிச்சதும் கப்பலூர்ப் பக்கம் கம்பெனியில அப்ரண்டிஸ் போகலாம். உங்க பட்டறை இருக்கே, அங்கேயே முழுநேரம் போட்டுருவோமான்னு தோணும், வேண்டாம், 18 ஆகாதவனை ஆபத்தான வேலையில வைக்கக் கூடாதுன்னு குழந்தைத் தொழிலாளர் சட்டத்துல 2016-ல வந்த திருத்தம் இருக்கு. சாயங்காலம் வரட்டும், கட்டிங் மெஷின், கிரைண்டர் பக்கம் விடாம, டேப்பைக் குடுத்து கஸ்டமர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, ஜன்னலுக்கு அளவு எடுக்கட்டும், எத்தனை கிலோ பைப்பு, எம்புட்டு கூலின்னு கொட்டேஷன் அவன் எழுதட்டும், அரை இஞ்சு தப்பா எடுத்தா கிரில் உக்காராதுல்ல, அதை கஸ்டமர் முன்னாடி அவனே சரி பண்ணட்டும். அவன் காதுகுத்துக்கு மடியில வச்ச தாய்மாமன் நீங்க, அப்பன் சொல்லிக் கேக்காததை நீங்க சொல்லிக் கேப்பான், நீங்க அவனுக்குக் குடுக்க வேண்டியது அந்த நேரத்தைத்தான்.

18 தாண்டுன மத்த பசங்களுக்கு ஆர்செட்டின்னு (ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம்) பேங்க் நடத்துற இலவசப் பயிற்சி இருக்கு, கிராமத்துப் பசங்களுக்குன்னு வச்சதுங்கிறதால உங்க பசங்களைச் சேப்பாங்களான்னு முதல்ல கேட்டுக்கங்க, பைக் மெக்கானிக், செல்போன் சர்வீஸ், ஏசி பிரிட்ஜ்னு ஒரு மாசம் மாதிரி, சாப்பாடும் உண்டு, அதுக்கப்புறம் லோனுக்கும் வழி காட்டுவாங்க. கமிட்டி செய்ய வேண்டியது முதல் நாள் கூடப் போறது, ரெண்டாவது வாரம் வராம நின்னா வீட்டுக்குப் போய்க் கேக்குறது.

35 ஆயிரத்துக்கு கம்ப்யூட்டர் வாங்காதீங்க. இருக்குற மூணும் அந்த 4 பேருக்குப் போதும், அந்தப் புள்ளைகளுக்கு நல்லா முடிச்சுக் குடுங்க. மிச்சப் பணத்துல ரெண்டு தெருவுக்கும் பொதுவான ஒரு இரும்பு வேலையை எடுங்க, அங்கன்வாடிக்கு கேட்டோ, ஊர்வலத்துக்குத் தடுப்போ, எதுவா இருந்தாலும் சம்பந்தப்பட்ட ஆபீஸ்ல அனுமதி வாங்கிட்டு. உங்க தெருவுல நாலு பேர், அங்கிட்டு நாலு பேர், 18 தாண்டுனவங்க உங்க பட்டறையில வெல்டிங்ல, சின்னவங்க அளவு எடுக்க, பெயிண்ட் அடிக்க. ஷூ, கண்ணாடி, கையுறை முதல்ல வாங்குங்க, மிச்சம் சனிக்கிழமை சனிக்கிழமை கூலி. அடுத்த தெருவுலயும் உங்களை மாதிரி பட்டறையோ கடையோ வச்சிருக்குற ஒருத்தர் இருப்பாரு, பசங்களைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி அவரைப் போய்ப் பாருங்க, மேற்பார்வைக்கு அவரும் நீங்களும் சேந்துதான் நிக்கணும். ஆடி வரைக்கும் காத்திருக்காதீங்க, தை பொறந்ததும் வேலையை ஆரம்பிச்சுருங்க.